ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் அக்கா மகள் என் வீட்டில் வந்து பத்து நாள் இருந்தாள். பகலெல்லாம் போன், ராத்திரியெல்லாம் என் லேப்டாப். ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும், “சித்தி, நீ காலேஜ் படிச்சப்ப பாத்த படம் ஏதாவது போடு. பழசா இருந்தாலும் பரவாயில்ல” என்றாள். 2001 எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. அவளுக்கோ அது அவள் பிறப்பதற்கு முந்தைய யுகம். கோபித்துக்கொள்ளாமல் ‘ஓ’ படத்தைப் போட்டேன்.

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தின் ‘ஓ’தான் அது. கறுப்புத் தளபதி ஒத்தெல்லோவிடம் வேலைபார்க்கும் இயாகோ, உன் மனைவி டெஸ்டிமோனா துரோகம் செய்கிறாள் என்று பொய் சொல்லி நம்பவைக்க, அவன் அவளைக் கொன்றுவிடும் கதை. இயக்கியவர் டிம் பிளேக் நெல்சன். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் படைத்தளபதி இதில் அமெரிக்கத் தெற்கில் ஒரு பணக்கார விடுதிப் பள்ளியின் கூடைப்பந்து நட்சத்திரம். பெயர் ஓடின் ஜேம்ஸ். அந்தப் பள்ளியில் இருக்கும் ஒரே கறுப்பின மாணவன். முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஓ.ஜே. முன்னாள் மனைவியையும் அவர் நண்பரையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1995இல் விடுதலையான கறுப்பின விளையாட்டு நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சனின் வழக்கை டிவியில் மாதக்கணக்கில் பார்த்த அமெரிக்கர்களுக்கு அந்த இரண்டு எழுத்தே போதும். மெக்கை ஃபைஃபர் ஓடினாகவும், ஜூலியா ஸ்டைல்ஸ் டெஸ்டிமோனாவின் இடத்தில் பள்ளித் தலைவரின் மகள் டெசியாகவும் நடித்தார்கள். இயாகோவின் இடத்தில் ஹியூகோ, அதாவது ஜாஷ் ஹார்ட்னெட். பயிற்சியாளரின் மகன். ஷேக்ஸ்பியரின் வசனம் ஒரு வரிகூடக் கிடையாது, எல்லாம் பையன்கள் பேசும் பேச்சுதான்.

மூலத்தில் ஒத்தெல்லோ மனைவிக்குக் கொடுத்த கைக்குட்டை இன்னொருவன் கையில் தெரிவதுதான் அவன் சந்தேகத்துக்குச் சாட்சி. அந்தக் கைக்குட்டை இதில் கழுத்துத் துணியாகிவிட்டது. ஓடின் டெசிக்குக் கொடுத்த ஸ்கார்ஃப். டெசியின் அறைத்தோழி எமிலி, தன் காதலன் ஹியூகோ கேட்டான் என்பதற்காக அதை எடுத்துக் கொடுக்கிறாள். ஹியூகோ வழியாக அது சக ஆட்டக்காரன் மைக்கின் கைக்குப் போகிறது. பார்க்கக் கூடாதவன் பார்க்கிறான். அங்கேதான் அக்கா மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சித்தி?”

இதே கேள்வியை 1693இலேயே ஒருவர் கேட்டுவிட்டார். தாமஸ் ரைமர் என்ற ஆங்கில விமர்சகர். ஒரு கைக்குட்டைக்கு இவ்வளவு கூச்சலா, பேசாமல் நாடகத்துக்குக் கைக்குட்டையின் பெயரையே வைத்திருக்கலாமே என்றார். நல்ல குடும்பப் பெண்கள் தங்கள் துணிமணிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், இதுதான் இந்த நாடகம் சொல்லும் நீதி என்று நக்கலடித்தார். மனுஷன் எரிச்சலோடுதான் எழுதினார், ஆனால் கேள்வி நியாயமானது. இத்தனை போர் பார்த்த ஒரு தளபதி, ஸ்ட்ராபெர்ரிப் பழம் பின்னிய ஒரு துண்டுத் துணியை வைத்துக்கொண்டு மனைவியை மூச்சுத் திணறடித்துக் கொல்வானா? எங்கள் கல்லூரியில் இதைக் கேட்கவே விடமாட்டார்கள். ‘ஒத்தெல்லோவின் சோகக் குறை யாது’ என்பது பத்து மார்க் கேள்வி. பொறாமை என்று எழுதி நாலு மேற்கோளை ஒட்டினால் ஏழு மார்க் நிச்சயம்.

அந்த ராத்திரி அவள் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நாற்பதைத் தாண்டிய தளபதி கேட்காமல் இருந்தால் முட்டாள். பதினேழு வயதுப் பையன் கேட்காமல் இருந்தால், அவனுக்கு வயது பதினேழு, அவ்வளவுதான். கேட்டுவிட்டால் நான் சந்தேகப்படுகிறேன் என்று தெரிந்துவிடும். பயப்படுகிறேன் என்று தெரிந்துவிடும். அந்த வயதில் இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? கேட்காமல் இருப்பதுதான் கெத்து. ரைமரின் முந்நூறு வருஷத்துப் புகாருக்கு இந்தப் படம் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து எடுக்கப்படவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்ததுமே பதில் தானாக வந்துவிட்டது.

இன்னொன்றும் பொருந்துகிறது. மூலத்தில் கதை வெனிஸில் தொடங்கி சைப்ரஸ் தீவுக்குப் போகும். துருக்கியரோடு போர் என்று கிளம்புகிறார்கள். எதிரிக் கப்பல்களைப் புயலே முடித்துவிடுகிறது. போர் இல்லை. ஒரு தீவு, ஒரு கோட்டை, வேலையில்லாத சிப்பாய்கள், ராத்திரியில் குடி. ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே வராந்தா, அதே சாப்பாட்டுக் கூடம், யார் யாரோடு பேசினார்கள் என்பது அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் இடம். தப்பித்துப் போக வழி கிடையாது. விடுதிப் பள்ளிதான் நம் காலத்துச் சைப்ரஸ்.

படத்தை நிறுத்திவிட்டு அவள் ஒரு கதை சொன்னாள். ஒன்பதாம் வகுப்பில் நடந்தது. இரண்டு பேர், எல்கேஜியிலிருந்து தோழிகள். ஒரு குரூப் சாட்டின் ஸ்க்ரீன்ஷாட்டை மூன்றாவது ஒருத்தி அனுப்பியிருக்கிறாள். மேலேயும் கீழேயும் வெட்டிய ஸ்க்ரீன்ஷாட், நடுவில் ஒரே ஒரு வரி. அதோடு சரி, அந்த இரண்டு பேரும் பொதுத்தேர்வு முடிகிறவரை பேசவில்லை. ஒரே பெஞ்சு வேறு. “முழு சாட்டையும் காட்டுன்னு ஒருத்திகூட கேக்கல சித்தி. நானும் கேக்கல” என்றாள். கடைசி இரண்டு சொல்லைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். நான் தோண்டவில்லை.

படத்துக்கு வருகிறேன். அதில் என்னால் மறக்க முடியாதது கொலை இல்லை, ஒரு பரிசளிப்பு விழா. மொத்தப் பள்ளியும் கூடியிருக்கிறது. பயிற்சியாளராக மார்ட்டின் ஷீன் மேடையில் நிற்கிறார். ஓடினைச் சிறந்த ஆட்டக்காரனாக அறிவிக்கும்போது, இவனை என் சொந்த மகனைப் போல நேசிக்கிறேன் என்கிறார். சொந்த மகன் கூட்டத்தில்தான் இருக்கிறான். அத்தோடு விட்டாலாவது பரவாயில்லை. மேடைக்கு வந்த ஓடின் பரிசைப் பகிர்ந்துகொள்ளக் கூப்பிடுவது மைக்கை. ஹியூகோவை இல்லை. எல்லோரும் கைதட்டுகிறார்கள், ஹியூகோவும் தட்டுகிறான். கேமரா அவன் முகத்தைக் காட்டுகிறது. ஜாஷ் ஹார்ட்னெட் அங்கே பெரிதாக எதுவும் செய்யவில்லை. அந்தச் சின்ன அசைவின்மைதான் படத்தின் உச்சம் என்பேன்.

ஷேக்ஸ்பியரில் இது பதவி உயர்வு விவகாரம். இயாகோவை விட்டுவிட்டுக் காசியோவைத் துணைத்தளபதியாக்குகிறான் ஒத்தெல்லோ. ஆனால் இயாகோ அந்த ஒரு காரணத்தோடு நிற்க மாட்டான். தன் மனைவியோடு ஒத்தெல்லோவுக்குத் தொடர்பு என்று வதந்தி என்பான், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று சொல்வான். ஒன்றும் ஒட்டாது. காரணமே இல்லாத கெடுமதி காரணம் தேடி அலைகிறது என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் குறித்துவைத்தது இதைத்தான். ‘ஓ’ அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அக்கா மகளுக்கு ஹியூகோ மேல் பாவமாகிவிட்டது. “அவங்க அப்பாதான் சித்தி எல்லாத்துக்கும்” என்றாள். எனக்கு இதில் பாதி சம்மதம். காரணம் கிடைத்துவிட்டால் பயம் குறைந்துவிடுகிறது. மூலத்தில் கடைசியில் எல்லாம் அம்பலமானதும் இயாகோ, என்னிடம் எதுவும் கேட்காதே, இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்வான். ஷேக்ஸ்பியரில் எனக்கு முதுகு சில்லிட்ட இடங்களில் ஒன்று அது. படத்தில் ஹியூகோவும் அதையேதான் சொல்கிறான். ஆனால் போலீஸ் அவனைக் கொண்டுபோகும்போது பின்னணியில் அவன் குரல் ஒலிக்கிறது. பருந்தைப் பற்றி, பறப்பதைப் பற்றி. வாயை மூடியவனை இயக்குநரே பேசவைத்துவிட்டார். அந்தக் குரலை வெட்டியிருக்க வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

வயதைக் குறைத்ததில் போன விஷயங்களும் உண்டு. மூலத்தில் ஒத்தெல்லோவுக்குத் தன் நிறத்தோடு தன் வயதும் உறுத்தல். இறங்குமுகமான வயது எனக்கு, அதனால்தான் போய்விட்டாளோ என்று புலம்புவான். பதினேழு வயதுப் பையனுக்கு அந்தப் புலம்பல் இல்லை, நிறம் மட்டுமே மிச்சம். அந்த மொத்தப் பாரத்தையும் நிறத்தின் மேல் ஏற்றியபோது படம் சில இடத்தில் தடுமாறுகிறது. சந்தேகம் முற்றியதும் ஓடின் போதைப்பொருளைத் தொடுகிறான். ஒரு மோட்டல் அறையில் டெசி வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவன் நிறுத்தாத காட்சி ஒன்று இருக்கிறது. ஷேக்ஸ்பியரில் அதற்கு இடமே இல்லை. கறுப்பினப் பையன் என்றால் இப்படித்தான் என்று வெள்ளைக்கார ஊர் ஏற்கெனவே நம்புவதை எடுத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்கள் என்று அந்தக் காட்சியில் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தைப் படமே கடைசியில் எதிர்கொள்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் முடிந்தபின், சாவதற்கு முன் ஓடின் பேசுகிறான். என் அம்மா போதைக்கு அடிமை இல்லை, நான் ரவுடிக் கும்பலில் இருந்தவன் இல்லை, என்னைக் கவிழ்த்தது என் ஊர்த் தெரு இல்லை, இதோ நிற்கிறானே இந்தப் பணக்காரப் பள்ளி வெள்ளைக்காரப் பையன்தான் என்கிறான். நான் வந்த இடம் என்னை இப்படி ஆக்கவில்லை என்று சொல்லுங்கள் என்கிறான். மூலத்தில் ஒத்தெல்லோ, என்னை நான் இருந்தபடியே சொல்லுங்கள், எதையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள் என்று கேட்கும் இடம் இது. அங்கே அலெப்போவில் ஒரு துருக்கியனைக் குத்திய கதையைச் சொல்லிக்கொண்டே தன்னைக் குத்திக்கொள்வான். நாலு நூற்றாண்டு கழித்து அதே வேண்டுகோளை ஒரு பள்ளிப் பையன் தன் பேச்சில் சொல்லும்போது, மொழி மாறியும் சூடு ஆறவில்லை. தழுவல் என்றால் இதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

சொல்ல மறந்தேனே, 2001 வெளிவந்த வருஷம்தான். படத்தை எடுத்தது 1999இல். அந்த வருஷம் ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியோடு புகுந்து பன்னிரண்டு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றார்கள். பள்ளிப் பையன்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் படத்தை அதற்குப் பிறகு யார் வெளியிடுவார்கள்? பெட்டிக்குள் போனது. கடைசியில் வேறொரு விநியோக நிறுவனம் வாங்கி 2001 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்டது. ஷேக்ஸ்பியரைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தபோது இது நிஜத்தில் நடக்குமா என்ற சந்தேகம்தான் இடிக்கும் என்று நினைத்திருப்பார்கள். நிஜம் முந்திக்கொண்டுவிட்டது.

அந்தச் சில வருஷங்களில் ஹாலிவுட் ஷேக்ஸ்பியரை இளவட்டங்களுக்காக வரிசையாக எடுத்தது. ஜூலியா ஸ்டைல்ஸ் மட்டுமே மூன்றில் இருக்கிறார். 1999இல் ஒரு நகைச்சுவை, 2000இல் ‘ஹாம்லெட்’டின் ஒஃபீலியா, அப்புறம் இந்த டெசி. அந்த ஹாம்லெட்டை மைக்கேல் அல்மெரெய்டா நியூயார்க்கில் வைத்து எடுத்தார். ஈதன் ஹாக் வீடியோ வாடகைக் கடையில், ஆக்‌ஷன் படங்களின் அலமாரிகளுக்கு நடுவே நடந்தபடி ‘இருப்பதா, இல்லாமல் போவதா’ என்று யோசிப்பார். ரசித்தேன். ஆனால் அது பதின்வயதுப் படமாக ஒட்டவில்லை. காரணம் ஹாம்லெட் கேட்கிறவன், சரிபார்க்கிறவன். அப்பாவின் ஆவியே நேரில் வந்து சொன்னாலும் நம்பாமல் ஒரு நாடகம் போட்டுச் சித்தப்பாவின் முகத்தைப் பார்ப்பான். வெட்டியான் சொல்லும் கணக்கின்படி அவனுக்கு வயது முப்பது. ஷேக்ஸ்பியரின் மற்ற சோக நாடகங்களில் லியருக்குக் கிழவன் வேண்டும், மக்பெத்துக்குக் கல்யாணமாகிச் சலித்த ஒரு ஜோடி வேண்டும். யாரையும் எதையும் கேட்காமல் ஓடிப்போய்ச் சாகிறவர்கள் என்று பார்த்தால் ஒத்தெல்லோவும், ரோமியோ ஜூலியட்டும்தான்.

ரோமியோவைப் பள்ளி வயதுக்கு இறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஷேக்ஸ்பியரே இறக்கிவைத்திருக்கிறார். அவர் கதையை எடுத்த ஆர்தர் புரூக்கின் 1562ஆம் வருஷத்துக் கவிதையில் ஜூலியட்டுக்குப் பதினாறு நெருங்கும் வயது, கதையும் மாதக்கணக்கில் ஓடும். ஷேக்ஸ்பியர் அவளுக்குப் பதினான்குகூட நிரம்பவிடவில்லை. ஞாயிறு காலை தெருச்சண்டையில் தொடங்கி வியாழன் விடிவதற்குள் கல்லறையில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். சந்தித்தது ஞாயிறு ராத்திரி, கல்யாணம் திங்கட்கிழமை. யோசிக்க நேரம் கொடுத்தால் கதை நடக்காது என்பது மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் பாஸ் லர்மன் 1996இல் எடுத்த ‘ரோமியோ + ஜூலியட்’ பார்த்தோம். இதில் வசனம் முழுக்கப் பழைய ஆங்கிலம், மற்றதெல்லாம் புதுசு. படப்பிடிப்பு மெக்சிகோவில். முன்னுரையை டிவி செய்தி வாசிப்பாளர் வாசிக்கிறார். வாள் என்று வசனம் வருகிற இடத்தில் துப்பாக்கி, அதன் மேல் கம்பெனிப் பெயராக ‘வாள்’ என்றே பொறித்திருக்கும். அக்கா மகள் கைதட்டிச் சிரித்தாள். டிகாப்ரியோவைப் பார்த்து அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஜூலியட்டாக முதலில் நடிக்க இருந்தவர் நட்டாலி போர்ட்மன். டிகாப்ரியோ பக்கத்தில் நின்றால் ரொம்பச் சின்னப் பெண்ணாகத் தெரிந்ததால் கிளேர் டேன்ஸை எடுத்தார்கள். நாடகம் சொல்லும் வயதில் ஒரு பெண்ணை நிஜமாக நிறுத்தினால் நம்மால் பார்க்க முடியாது என்பது இந்த ஒரு மாற்றத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இங்கே கைக்குட்டைக்குப் பதில் கடிதம். ஜூலியட் சாகவில்லை, மருந்தில் தூங்குகிறாள் என்று பாதிரியார் எழுதிய கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேராது. மூலத்தில் அதற்குக் காரணம் கொள்ளைநோய். கடிதம் கொண்டுபோன துறவி, துணைக்கு இன்னொரு துறவியைத் தேடிப் போகிறார். அவர் நோயாளிகளைப் பார்த்து வந்தவர். அந்த வீட்டில் தொற்று இருக்கிறதென்று சந்தேகப்பட்டு ஊர்ச் சோதனையாளர்கள் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். கல்லூரியில் படித்தபோது இதை நம்பவே முடியாத சால்ஜாப்பு என்று நினைத்தேன். 2020இல் எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். உள்ளே இருந்த பாட்டிக்கு மாத்திரை கொடுக்க, தகரத்தின் மேல்விளிம்பு வழியாகக் கயிற்றில் பை கட்டி இறக்கினோம். அன்றைக்குத்தான் அந்தத் துறவியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

லர்மன் கொள்ளைநோயை எடுத்துவிட்டு கூரியர் வைத்திருக்கிறார். வெயிலில் வெந்து கிடக்கும் ஒரு பொட்டலில் வண்டி வீடுகள். கூரியர் ஆள் கதவைத் தட்டுகிறான், பதில் இல்லை, சீட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறான். ‘வந்தோம், நீங்கள் இல்லை.’ ரோமியோ அந்தப் பக்கத்திலேயேதான் இருக்கிறான். பார்சலுக்காக நாள் முழுக்கக் காத்திருந்து, கடைசியில் ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்ற மெசேஜை வாங்கிய எல்லோருக்கும் இது புரியும். ஆனால் அக்கா மகளுக்கு இதுவும் உறுத்தியது. “ஒரு மெசேஜ் தட்டி விட்டிருக்கலாமே” என்றாள். ஆமாம். 1996க்கும் 2001க்கும் நடுவே இந்தப் படங்கள் நெருங்கி வந்ததில் இது ஒரு சௌகரியம். எல்லார் பையிலும் போன் வந்து சேரவில்லை. இன்றைக்கு எடுப்பவர்கள் முதலில் ஜூலியட்டின் போனில் சார்ஜைத் தீர்க்க வேண்டும், இல்லை ரோமியோவை டவர் இல்லாத இடத்துக்கு அனுப்ப வேண்டும். போன் இருந்தால் மட்டும் என்ன என்று எனக்குத் தோன்றியது. மெசேஜ் போய் இரண்டு நீல டிக் விழுந்த பிறகும் பதில் வராத ராத்திரிகளைப் பற்றி அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கல்லறைக் காட்சி வந்தது. தேவாலயம் முழுக்க மெழுகுவர்த்தியும் நியான் சிலுவையும். ஷேக்ஸ்பியரில் ரோமியோ செத்த பிறகுதான் ஜூலியட் கண் விழிப்பாள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில நடிகர் டேவிட் காரிக் அதை மாற்றி, அவன் சாவதற்கு முன்பே அவளை எழுப்பி இரண்டு பேரையும் பேசவைத்து அழவைத்தார். லர்மன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அவன் அவள் பக்கத்தில் அழுதுகொண்டு கிடக்கும்போதே அவள் அசைகிறாள், கண் திறக்கிறாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விஷம் உள்ளே இறங்குகிற நேரத்தில் அவள் கை அவன் கன்னத்தைத் தொடுகிறது.

அக்கா மகள் ஸ்பேஸ்பாரைத் தட்டி நிறுத்தினாள். பத்து விநாடி பின்னால் போய் மறுபடி ஓட்டினாள். அவள் கண் திறக்கிறாள், அவன் பார்க்கவில்லை. இன்னொரு பத்து விநாடி பின்னால் போனாள். “இங்க திரும்பினா போதும் சித்தி, இங்க” என்று திரையில் விரலை வைத்துக் காட்டினாள். மூன்றாவது தடவையும் அவன் திரும்பவில்லை.